ஆறாம் பக்கம் முழுக்கக் கறுப்பு

கோபம் வந்தால் படக்காவுக்குக் காது சிவந்துவிடும். அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும். அன்றைக்குக் காலை ஒன்பதரை மணிக்கே இரண்டு காதும் ஜிவுஜிவு என்று சிவந்திருந்ததைப் பார்த்த வாசல் காவலாளி, கிட்டேயே வராமல் ஒதுங்கிக்கொண்டார்.

படக்கா என்பது பிள்ளைகள் வைத்த பெயர். வயது நாற்பத்தாறு. பதினான்கு வருஷமாக அங்கே படக்கதைக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வருவார்கள். படக்கதைகளுக்காக வரைந்த மூல ஓவியங்கள் சுவரில் மாட்டியிருக்கும். பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து அவற்றைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதான் அவளுடைய உத்தியோகம். "நாள் பூரா படம் காட்டுறதுக்கு ஒரு சம்பளமா!" என்று அவள் அண்ணி விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அவள் பாடம் நடத்துகிற விதமே தனி. புத்தகத்தில் இருக்கிற எழுத்தையெல்லாம் ஒரு தாள் பட்டையால் மூடிவிடுவாள். "முதல்ல கண்ணு, அப்புறம்தான் வாய்," என்பாள். "பக்கத்தைத் திருப்புறதுக்கு முன்னாடி, அடுத்து என்ன இருக்கோன்னு மனசு அடிச்சுக்கணும். அடிச்சுக்கலேன்னா அது படக்கதையே இல்ல, கண்ணுங்களா."

வருஷக் கடைசியில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரே தாளை மடித்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டி, எட்டுப் பக்கத்தில் ஒரு குட்டிப் புத்தகம் செய்ய வேண்டும். ஓர் எழுத்துகூட இருக்கக் கூடாது. பெரியவர்கள் யாரும் அதில் கை வைக்கவும் கூடாது. போன வருஷம் ஓர் ஆசிரியை அழிரப்பரும் கையுமாகக் கிளம்பினார். "மேடம், யானைக்கு நாலு கால்தானே?"

"அந்த யானைக்கு அஞ்சு. உங்களுக்கு எங்க வலிக்குது?" என்று கேட்டு அனுப்பிவிட்டாள்.

இந்த வருஷம் இரண்டாம் வகுப்பில் ரெட்டைச் சடை போட்ட ஒரு சின்னப்பெண் வந்தாள். "இது வாயே திறக்காது, விட்டுடுங்க," என்றார் ஆசிரியை. அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலையாம். இருட்டிலேயே கிளம்பிப் போய்விடுவாளாம். விடிந்த பிறகு பெரியம்மா வந்து பூட்டைத் திறந்து, பிள்ளையைக் கிளப்பிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாளாம்.

அந்த வாய் திறக்காத பிள்ளை எட்டுப் பக்கத்தில் என்ன செய்திருந்தது தெரியுமா? அட்டையில் ஒரு கதவு. அடுத்து அம்மா தலை வாருகிறாள், பை எடுக்கிறாள், செருப்பு மாட்டுகிறாள். ஐந்தாம் பக்கத்தில் அம்மாவின் கை மட்டும், விளக்குச் சுவிட்சின் மேல். திருப்பினால் ஆறாம் பக்கம் முழுக்கக் கறுப்பு. மெழுகு வண்ணக் குச்சி தீரத் தீர அழுத்திப் பூசி, தாளே பளபளத்தது. ஏழாம் பக்கத்தில் கதவிடுக்கில் வெளிச்சம், பெரியம்மாவின் பாதம். எட்டில் பள்ளிக்கூடம். பதினான்கு வருஷத்தில் ஆயிரக்கணக்கான குட்டிப் புத்தகம் பார்த்தவள் அன்றைக்கு அந்த ஒன்றை மூன்று தடவை முதலிலிருந்து திருப்பிப் பார்த்தாள். அந்தப் பிள்ளையின் அம்மா இதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டாள்.

புதிதாக வந்த இயக்குநர் மூன்று புத்தகங்களைத் தேர்ந்தெடுத்து, ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி வாசல் கூடத்தில் மாட்டச் சொல்லியிருந்தார். சின்னப்பெண்ணுடையதும் அதில் ஒன்று. படக்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இன்றைக்குத்தான் திறப்பு. காலையில் ஆசை ஆசையாய் வந்து பார்த்தால், ஆறாம் பக்கத்தில் நீல வானம்! உருண்டை நிலா! ஐந்து நட்சத்திரம்! கீழே கட்டிலில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே தூங்குகிறாள். அடியில் பிள்ளையின் பெயர் வேறு.

அச்சு வேலை பார்த்த வடிவமைப்பாளர் திருதிருவென்று முழித்தார். "அந்தப் பக்கத்துல ஒண்ணுமே இல்லையே மேடம். தாள் பாழாயிடுச்சுன்னு நெனச்சேன். பாவமா இருந்துச்சு, நானே வரைஞ்சு கொடுத்தேன்."

"பாவமா இருந்துச்சா? பிள்ளை கதையோட உசிரையே எடுத்துட்டு, பாவமாம்!"

இயக்குநரிடம் போனாள். அவர் நிமிராமலே சொன்னார்: "விருந்தாளிங்க வர்ற வாசல்ல கறுப்பா ஒண்ணை மாட்டணுமா? யாருக்கு என்ன நஷ்டம் இதுல?"

"ஏழு வயசுப் பிள்ளை சொன்னதை அழிச்சுட்டு, அது பேர்ல நீங்க பொய் சொல்லியிருக்கீங்க சார்."

"உணர்ச்சிவசப்படாதீங்க. அதெல்லாம் கழட்ட முடியாது."

வடிவமைப்பாளரின் மேஜையில், காபிக் கோப்பைக்கு அடியில் கிடந்தது அசல். காபிக் கோப்பைக்கு அடியில்! எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பதினோரு மணிக்குக் குடும்பங்கள் வந்தன. சின்னப்பெண்ணின் அம்மா வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள். சோப்பு நீரில் ஊறி விரல் நுனியெல்லாம் வெளிறியிருந்தது. ஆறாவது படத்தின் முன்னால் போய் நின்றவள் நகரவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு படக்காவின் பக்கம் திரும்பினாள்.

"சிரிச்சுக்கிட்டே தூங்குறா பாருங்க மேடம். பூட்டிட்டுப் போறப்ப எல்லாம் தெருமுனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாப்பேன். பயமா இருக்காடின்னு கேட்டா பதிலே வராது. இன்னிக்குத்தான் மேடம் எனக்கு நிம்மதி."

பக்கத்தில் நின்ற இயக்குநர், பார்த்தாயா என்பது போல் படக்காவைப் பார்த்தார்.

படக்கா பைக்குள் கைவிட்டு அசலைத் தொட்டாள். சொல்லாமலே விட்டுவிடலாம்தான். சொன்னால் அந்த அம்மா வேலையை விட்டுவிட முடியுமா? கிடைத்த ஒரு பிடி நிம்மதியையும் பிடுங்குவானேன்? ஆனால் அம்மாவின் பை வாரைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்து நின்றதே அந்தப் பிள்ளை, அதைப் பார்த்ததும் காது மறுபடி சிவந்தது. கஷ்டப்பட்டு ஒரே ஒரு தடவை வாய் திறந்தது. அந்த வாயையும் நிலாவை வைத்து அடைத்துவிட்டார்கள், பாவிகள்!

பிள்ளையின் முன்னால் குனிந்து உட்கார்ந்தாள். "உன் புத்தகம் என்கிட்ட இருக்கு கண்ணு. அம்மாகிட்ட காட்டட்டுமா? வேணாம்னா வேணாம்."

பிள்ளை அம்மாவின் முகத்தை அண்ணாந்து பார்த்தது. பிறகு சரி என்று தலையை ஆட்டியது.

"இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்று இயக்குநர் குறுக்கே வந்தார்.

"நீங்க சும்மா இருங்க சார்!" கூடமே திரும்பிப் பார்த்தது.

படக்கா பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததை அம்மா ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். சுவிட்சைப் பார்த்தாள். திருப்பினாள். நின்றுவிட்டாள். சுவரைப் பார்த்தாள், மறுபடி கையிலிருந்த கறுப்பைப் பார்த்தாள்.

"நான் கிளம்புறப்ப நீ தூங்கிட்டுத்தானேடி இருப்பே? பாத்துட்டுத்தானே லைட்டை அணைக்கிறேன்?"

"தூங்குற மாதிரி இருப்பேன்," என்றது பிள்ளை. "நான் முழிச்சிருந்தா நீ அழுதுக்கிட்டே போவே."