காக்காய்க்கு வைத்த சோறு

சிட்லபாக்கத்தில் என் வீட்டுக்கு அடுத்த மனையில் வீடு கட்டிக் குடிவந்தவர், ஏதோ பெரிய ஆபீசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தெரு வாட்ஸ்அப் குழுவுக்கு அவரே தலைவர். விடிந்ததும் ‘இயற்கையோடு இணைந்து வாழ்வோம்’ என்று ஒரு சூரிய உதயத்தைப் போடுவார். அடுத்த படம், அவர் வீட்டுத் தோட்டத்தில் நிற்கும் என் கோழி. தேடப்படும் குற்றவாளிக்குப் போடுவதுபோல அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வேறு.

என்னிடம் ஐந்து நாட்டுக்கோழிகள். பிள்ளைகள் கல்யாணமாகிப் போனபின் வீட்டில் நான் பேசுவதற்கு இருந்தவை அவைதான். நானும் சும்மா இருக்கவில்லை. மதில் ஓட்டையைச் செங்கல் வைத்து அடைத்தேன். இறக்கையின் நுனியைக் கத்தரித்தேன். கூடை போட்டு மூடிப் பார்த்தேன். திறந்துவிட்டால் போதும், விறகுக் குவியலில் ஏறி, மதிலில் தாவி, அந்தப் பக்கம் குதித்துவிடும்.

ஏன் குதிக்காது? தினமும் தான் சாப்பிடுவதற்கு முன்னால், நெய் விட்ட பருப்புச் சோற்றைக் காக்காய்க்கென்று மதில்மேல் வைத்துவிட்டு, கோழி வருகிறதே என்று கத்தும் அறிவாளியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

“சோறு வச்சா கோழி வராம இன்னா சார் பண்ணும்?” என்று கேட்டேன்.

“அது காக்காய்க்கு வைக்கறதும்மா. இது எங்க வீடுன்னு உங்க கோழிக்குச் சொல்லி வைங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள அதுங்கள எங்கயாவது அனுப்பலைன்னா கம்ப்ளெயின்ட் கொடுத்து கார்ப்பரேஷன் வண்டிய வரவழைச்சுடுவேன்.”

பயந்துதான் போனேன். கறிக்கடையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அதற்குள் அவரே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். பறவைகளை விரட்ட வழி என்று போனில் பார்த்தாராம். மதில் நெடுகப் பழைய சிடிக்களைக் கட்டித் தொங்கவிட்டார். நடுவில் செத்த காக்காய் மாதிரி கறுப்புத் துணியில் ஒரு பொம்மை. என் கோழிகள் ஒரு நாள் அண்ணாந்து பார்த்தன. மறுநாள் அந்தப் பொம்மைக்குக் கீழேயே மண்ணைக் கிளறிப் படுத்துக்கொண்டன.

வியாழக்கிழமை அவருடைய அப்பாவுக்குத் திவசம். வடை, பாயசத்தோடு இலையை மதில்மேல் வைத்து, என் கோழிகளை விரட்டிக்கொண்டே “கா... கா...” என்று கூப்பிட்டார். காக்காய் ஒன்றும் வரவில்லை. தன் இனம் செத்துத் தொங்கும் இடத்துக்கு எந்தக் காக்காய் வரும்? காக்காய் எடுக்காமல் அந்த வீட்டில் யாரும் சாப்பிட முடியாது. மணி இரண்டாகிவிட்டது. அவரோ சர்க்கரை வியாதிக்காரர். “மாத்திரை போடணுமே, சீக்கிரம் கூப்பிடுங்கோ” என்று உள்ளேயிருந்து மனைவி கத்தினார். அவர் தொண்டை கட்டிக் கூவிக்கொண்டிருந்தார். நான் மறைக்காமல் சிரித்தேன். இன்றைக்கும் அதில் எனக்கு வெட்கமில்லை.

கடைசியில் இலையோடு வந்து என் கேட்டைத் தட்டினார்.

“உங்க முருங்கை மரத்துலதாம்மா எல்லாக் காக்காயும் நிக்குது. இங்க வைக்கலாமா?”

“வையுங்க சார்.”

வைத்த கையை எடுப்பதற்குள் நாலு காக்காய்கள் இறங்கின. அவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். சிதறிய சோற்றுக்கு என் செவலைக் கோழி அவர் காலடிக்கே ஓடிவந்தது. பழக்க தோஷம், “ச்சூ” என்று காலைத் தூக்கினார்.

“இது அதுங்க வூடு சார்” என்றேன்.

தூக்கிய காலை அப்படியே பின்னால் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை எந்த வண்டியும் வரவில்லை. அமாவாசை அன்று மதியம் வீட்டில் இருப்பேனா என்று கேட்டு அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. குழுவில் இல்லை, எனக்கு மட்டும்.