கானுக்குள் இறங்கிய விருந்தாளி

போர்நிறுத்தக் காலத்தில் பெல்மதுளைக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்தைப் பார்க்கக் கென்யாவிலிருந்து ஒரு தேயிலை அதிகாரி வந்தார். நெடிய மனிதர். வழியெல்லாம் கொழுந்தைக் கிள்ளி முகர்ந்துகொண்டே நடந்தார். தோட்டத்துக் கிளாக்கரான நான்தான் கூடப் போனேன்.

அவர் ஊர் தான்சானியா எல்லையோரமாம். "எங்களிடம் பணம் அதிகம், எல்லைக்கு அந்தப்பக்கம் அவர்களிடம் குறைவு," என்றார் ஆங்கிலத்தில். "ஆனால் பணக்காரனுக்கும் ஏழைக்கும் இடையே தூரம் எங்களிடம்தான் கூட. உங்கள் நாட்டில் எப்படி?"

"இங்கே படிப்பு இலவசம், வைத்தியம் இலவசம். அவ்வளவு தூரமெல்லாம் இல்லை," என்றேன் பெருமையாக.

எதிரே கொழுந்துச் சாக்கோடு வந்த பெண்கள் எங்களைக் கண்டதும் பாதையோரக் கானுக்குள், மழைநீர் ஓடும் அந்த வடிகாலுக்குள், இறங்கி நின்றார்கள். துரைமாரோ கிளாக்கர்மாரோ வந்தால் அப்படி ஒதுங்குவது தோட்டத்து வழக்கம். நான் அதைக் கவனிப்பதையே விட்டிருந்தேன். அவரோ சட்டென்று தானும் கானுக்குள் இறங்கி, பாதை வளைவையே பார்த்தார்.

"வாகனம் ஏதும் வருகிறதா?"

ஒன்றும் வரவில்லை. வந்தது நாங்கள்தான்.

"நீங்க போங்க கிளாக்கரையா, நாங்க பொறகு வாறோம்," என்றாள் முன்னால் நின்றவள். அவள் என் அம்மாவின் தங்கை.

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் அவர், அவள் பக்கத்தில் நின்றபடியே. பாதை நடுவில் நான் ஒருத்தன்தான் நின்றிருந்தேன்.