மருந்தடிக்காமல் போட்ட கையெழுத்து

பகலில் அவர் கரப்பான் கொல்கிறவர். சாயங்காலம் கேக்கின் மேல் ரோஜாப்பூ போடுகிறவர். பூச்சிமருந்து கம்பெனியில் பதினோரு வருஷ நிரந்தர வேலை. பேக்கரியில் மூன்று வருஷமாக மாலை ஆறிலிருந்து எட்டரை வரை, ஞாயிற்றுக்கிழமை என்றால் காலை முழுவதும். கம்பெனியில் அவருக்குப் பெயர் ‘மருந்து’. பேக்கரியில் ‘ரோஜா’. வீட்டில் மட்டும்தான் அவர் மனுஷர் என்பாள் மனைவி, அதுவும் எல்லா நாளும் இல்லை.

இந்த இரண்டாவது வேலை அவரைத் தேடி வந்ததல்ல. ஒரு விடுதிச் சமையலறைக்கு மருந்தடிக்கப் போனவர், அங்கே ஒருத்தர் கிரீம் பையைப் பிதுக்கி ஒரே சுழற்றில் பூவை மலரவைப்பதைப் பார்த்து, கையில் மருந்துக்குழாயோடு அப்படியே நின்றுவிட்டார். நாள் முழுக்கச் சாகடித்தே பிழைக்கிற கைக்கு எதையாவது மலரவைத்துப் பார்க்கும் ஆசை வந்தது. வீட்டில் உருளைக்கிழங்கை மசித்துப் பையில் அடைத்துப் பழகினார். ஒரு மாதம் மனைவியும் மகளும் உருளைக்கிழங்கு ரோஜாவாகவே தின்று தீர்த்தார்கள். பிறகு பேக்கரியில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போய் நின்றார். மகளின் பல்லுக்குக் கம்பி கட்ட வேண்டிய நேரமும் அது.

இரண்டு வேலைக்கும் நடுவே அவர் கட்டியிருந்த சுவர் பெரியது. கம்பெனிக்கு ஒரு பை, பேக்கரிக்கு ஒரு பை. செருப்பும் சட்டையும் அப்படியே. ஐந்து மணிக்குக் கம்பெனிக் குளியலறையில் தோல் உரிகிற மாதிரி சோப்புப் போட்டுக் குளித்து, எலுமிச்சைத் தோலால் நகக்கண்ணைத் தேய்த்து, முகர்ந்து பார்த்து, திருப்தியில்லாமல் இன்னொரு தடவை தேய்ப்பார். பேருந்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்குவார். வேறு வேலை பார்க்கக்கூடாது என்பது கம்பெனிச் சட்டம். ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் திடீரென்று கூப்பிட்டால் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்பார். கல்லுக்குண்டு மாதிரி இருந்த மாமியாரை மூன்று வருஷத்தில் பதினாலு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்.

அந்தச் சுவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இடிந்தது. சக ஊழியர் ஒருவர் வேலையை விட்டுப்போக, அவருடைய வாடிக்கை இடங்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். இவர் கைக்கு வந்த சீட்டில் முதல் விலாசமே அந்த பேக்கரி. மாதம் ஒரு தடவை மருந்தடித்ததாக இரண்டு வருஷத்துக்கு வரிசையாகக் கையெழுத்து இருந்தது. ரோஜாக்காரர் அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த இரண்டு வருஷமும் தினம் அங்கே நின்றவர் அவர். ஒரு நாள்கூட மருந்து வாடை அடித்ததில்லை.

சீருடையோடு உள்ளே நுழைந்தவரைப் பார்த்து பேக்கரி முதலாளி ஒரு கணம் விழித்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“அட, நம்ம ரோஜா! நீதானா அது? நல்லதாப் போச்சுய்யா. வெளி ஆளுக்குச் சொல்லிப் புரிய வைக்கணும், உனக்கு அந்த வேலையில்ல. கையெழுத்தப் போட்டுட்டுக் கிளம்பு.”

“வந்தது வந்துட்டேன், ஒரு தடவ பாத்துடறேன் முதலாளி.”

“என்னத்தப் பாக்கப்போற? தெனம் பாக்குற எடம்தானே?”

தினம் பார்த்த இடம்தான். ஆனால் மாலையில் அவர் பார்த்தது விளக்குக்கு நேர் கீழே இருந்த பளிங்கு மேசையை மட்டும். மருந்தடிக்கிறவனின் கண் வேறு. அது வெளிச்சம் போகாத இடத்துக்குத்தான் முதலில் போகும். டார்ச்சை அடித்துக்கொண்டு அவர் குனிந்தார்.

தினமும் கிரீம் எடுக்கும் குளிர்பெட்டியின் கதவோரத்து ரப்பரை விரலால் விலக்கினார். உள்ளே பழுப்பு மணிகளைக் கோத்த மாதிரி கரப்பான் முட்டைக்கூடுகள். சில வெடித்திருந்தன, எள்ளளவு குஞ்சுகள் வெளிச்சம் பட்டதும் கிரீம் டப்பாவின் மூடிக்குள் ஓடின. அடுப்புக்குப் பின்னால் எலி கூடு கட்டியிருந்தது. எதைக் கொண்டு? கேக்குக்கு அடியில் வைக்கும் பூவேலைக் காகிதத்தைக் கடித்து மெத்தையாக்கி. அதே காகிதக் கட்டிலிருந்துதான் நேற்று மாலை அவர் ஒன்றை உருவி, பிறந்தநாள் கேக்குக்கு அடியில் விரித்தார். சர்க்கரை மூட்டையோரம் புழுக்கை. அலமாரியின் கீழ்த்தட்டில் பூசணம் பிடித்த ஸ்பாஞ்ச் கேக்குகள் அடுக்கியிருந்தன. சிலவற்றின் பச்சையைக் கத்தியால் சீவியிருந்தார்கள். சீவியதைச் சர்க்கரைப் பாகில் நனைத்து மேசைக்கு அனுப்புவார்கள். மேசைக்கு வந்தபின் அதன்மேல் ரோஜாப்பூ வரும்.

‘மூணு வருஷமா இதையா மூடிக்கிட்டிருந்தேன்?’ டார்ச்சை அணைத்துவிட்டு முதலாளியிடம் வந்தார்.

மூன்று நாள் கடையை மூடினால் சுத்தமாக்கிவிடலாம் என்றார். முதலாளியின் சிரிப்பு நின்றது.

“ஓஹோ, புத்தி சொல்ல வந்துட்டியா? இங்க பாரு, ரெண்டு எடத்துல சம்பளம் வாங்குறவன் ரெண்டு கண்ணையும் மூடிக்கணும். ஒன்னத் தொறந்தாலும் ஒனக்குத்தான் கஷ்டம்.”

கம்பெனிக்குத் திரும்பி மேற்பார்வையாளரிடம் சொன்னார். அவர் இவரைவிடப் பத்து வயது சின்னவர். வாய் நிறைய அண்ணே என்பார். கதவைச் சாத்தினார்.

“அண்ணே, நல்ல வாடிக்கையாளர்ண்ணே அவரு. மருந்தும் செலவாகல, ஆளோட நேரமும் செலவாகல, மாசமானா பணம் வந்துடுது. யாருக்கு என்ன நஷ்டம்?”

“திங்கறவனுக்கு, சார்.”

“திங்கறவன் யாராச்சும் புகார் பண்ணானா?” அவர் இவர் தோளில் கைபோட்டார். “சாயங்காலம் நீங்க எங்க போறீங்கன்னு எனக்கு ஒரு வருஷமாத் தெரியும்ண்ணே. நான் ஏதாச்சும் கேட்டேனா? நீங்களும் கேக்காதீங்க.”

தோளில் கிடந்த அந்தக் கையைத் தட்டிவிடத் தோன்றியது. தட்டவில்லை. பேக்கரிக்கான சீட்டில் ‘மருந்து அடிக்கப்பட்டது’ என்ற வரிக்கு எதிரே கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலமே சீட்டோடு பேக்கரிக்கும் போனார். முதலாளி அந்தச் சீட்டைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் செருகி, வாடிக்கையாளர் பார்க்கிற மாதிரி கல்லாவுக்கு மேல் மாட்டினார். அதற்குக் கீழே நின்று ரோஜாக்காரர் நாலு கேக்குக்குப் பூப்போட்டார்.

வீட்டுக்கு வந்தவர் தட்டின் முன்னால் உட்கார்ந்தார், எழுந்தார், கை கழுவினார். திரும்ப உட்கார்ந்தார், திரும்பவும் எழுந்தார். மூன்று நாள் இதே கதை. மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள். சொன்னார்.

அவள் சமையலறைக்குள் போனாள். அவர் அவ்வப்போது கொண்டுவரும் கேக் ஓரங்களைப் போட்டுவைக்கும் டப்பாவை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக் குப்பைத்தொட்டிவரை நடந்து, டப்பாவோடு எறிந்துவிட்டு வந்தாள். மகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் போட்டி போட்டுத் தின்ற ஓரங்கள்.

“எல்லாத்தையும் பாத்துட்டு வந்து எப்படிங்க கையெழுத்துப் போட்டீங்க?”

“ரெண்டு வேலையும் போயிடும்.”

“கையத் தேச்சுத் தேச்சுக் கழுவுறீங்க, சரி. கையெழுத்த எதால கழுவுவீங்க?”

அவருக்கு அவர்மேலேயே குமட்டியது. அந்த முதலாளி பேராசைக்காரன், இந்த மேற்பார்வையாளன் நயவஞ்சகன், சரி. எல்லாம் தெரிந்தும் பூப்போட்டவனை என்னவென்று சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் இரண்டாவது பையை எடுக்கவில்லை. கம்பெனிச் சீருடையைப் போட்டுக்கொண்டு, டார்ச்சோடு பேக்கரிக்குப் போனார். அன்று ஒரு பள்ளிக்கூடத்துக்கு நூறு பேருக்கான பெரிய கேக். வாங்கிப்போக இரண்டு ஆசிரியைகள் வந்து காத்திருந்தார்கள். வேறு ஏழெட்டுப் பேரும் இருந்தார்கள்.

“என்னய்யா இது வேஷம்? சட்டைய மாத்திட்டு வந்து சீக்கிரம் பூவப் போடு.”

“போடல முதலாளி.”

உள்ளே போனார். குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். பதினோரு வருஷம் கனத்த சாமான்களை நகர்த்திப் பழகிய உடம்பு; பெட்டியை அப்படியே தள்ளிக்கொண்டு கடையின் முன்பக்கத்துக்குக் கொண்டுவந்து, கதவைத் திறந்து ரப்பரை ஒரே இழுப்பாக இழுத்தார். வெயில் விழுந்த தரையில் கரப்பான்கள் சிதறி ஓடின. ஓர் ஆசிரியை வீலென்று கத்தி நாற்காலிமேல் ஏறினாள். இன்னொருத்தி, கையிலிருந்த பாதிக் கேக் துண்டைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

முதலாளி அவர் சட்டையைப் பிடித்தார். “நன்றிகெட்ட நாயே! உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்றியா?”

“உண்டதுதான் முதலாளி வயித்தக் குமட்டுது.”

பிடியை விலக்கி, கல்லாவுக்கு மேலிருந்த சட்டத்தைக் கழற்றிச் சீட்டை உருவினார். தன் கையெழுத்துக்குக் கீழே, ‘இது பொய். நான் மருந்தடிக்கவில்லை’ என்று எழுதி, அன்றைய தேதியும் போட்டு, நாற்காலியில் நின்றிருந்த ஆசிரியை கையில் கொடுத்தார்.

திங்கட்கிழமை கம்பெனியில் அவர் கணக்கை முடித்துவிட்டார்கள். வேறு வேலை பார்த்ததாகக் குற்றச்சாட்டு, சட்டப்படி சரிதான். மேற்பார்வையாளர், “உங்கள எவ்ளோ நம்பினேன்ண்ணே,” என்று கண்கலங்கிக் காட்டினார். பேக்கரியைச் சுகாதார அதிகாரிகள் வந்து பூட்டினார்கள். பதினெட்டாம் நாள் வெள்ளையடித்து, பெயரை மாற்றி, பலூன் கட்டித் திறந்தார்கள். முதல் நாளே வாசலில் வரிசை நின்றது. ஓடிய ஆசிரியையும் அந்த வரிசையில் நின்றாள் என்று மனைவி பார்த்துவிட்டு வந்து சொன்னபோது, அவர் எழுந்துபோய் வாசலில் துப்பிவிட்டு வந்தார்.

இப்போது அவர் சொந்தமாக மருந்தடிக்கிறார். ஒரே வேலை, ஒரே பை. கிரீம் பையைத் தொடுவதில்லை. வெனிலா வாடை வந்தால் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். மகள் பிறந்தநாளுக்கு மட்டும் உருளைக்கிழங்கில் ஒரு ரோஜா கேட்டாள். அதையும் அவரால் முடியவில்லை. மனைவிதான் கோணலாக ஒன்று போட்டுக் கொடுத்தாள்.

தொலைபேசி நன்றாகவே அடிக்கிறது. பத்துப் பேரில் ஆறு பேர், “மருந்தெல்லாம் வேணாம்ப்பா, சீட்டு மட்டும் போதும்,” என்கிறார்கள். அவர் உடனே வைத்துவிடுகிறார். மீதி நாலு பேர் வீட்டுக்கோ கடைக்கோ போய், அடுப்பை நகர்த்தி, மண்டியிட்டு, டார்ச்சை அடித்து, முகத்தைச் சுளித்துக்கொண்டே வேலை பார்க்கிறார். வரும்படி குறைவு. சோறு மட்டும் உள்ளே இறங்குகிறது.