நிரலில் ஆறாவதாக மௌனம்

எதையும் எழுதி வைத்தால்தான் எனக்கு மனது அடங்கும். பதுளையில் ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடம் வரைகிறேன். அங்கே வந்த பழக்கம். போன மழை தொடங்கிய வாரத்தில், நமுனுகுலப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பத்து வீடுகள் ஒட்டி நிற்கும் எங்கள் லயத்துக்கு வந்திருந்தபோது, லயத்துக்கு மேலே நிற்கும் தேயிலை மலையைப் பற்றி ஒரு தாளில் எழுதினேன். மலை ஊற்றிலிருந்து பீலியில் விழும் தண்ணீர் இரண்டு நாளாகக் கலங்கி வருகிறது. எங்கள் வீட்டுக் கதவு நிலையில் இறுகிவிட்டது, தோளால் முட்டினால்தான் திறக்கிறது. மேலே மூன்று மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு வெடிப்பு. கையை விட்டால் மணிக்கட்டு வரை உள்ளே போகிறது.

வெடிப்பை முதலில் கண்டவர் நான் அல்ல. லயத்தின் தொங்கலில், கடைசி வீட்டில், தனியாக இருக்கும் ஆமி மாமா.

தோட்டத்தில் வேலை குறைந்த ஒரு வருடத்தில், இருபது வயதில், அவர் ஆமியில், இலங்கை இராணுவத்தில், சேர்ந்தார். வடக்கில் கண்ணிவெடி தேடும் பிரிவு. மண்ணைக் குத்திப் பார்த்து, சந்தேகமான இடத்தில் குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டுவது வேலை. அந்த வேலையிலேயே வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது. திரும்பி வந்தவரை யாரும் கொண்டாடவில்லை. டவுனில் படைவீரர் விழா நடந்தால், தமிழன் என்று அவருக்குக் கடைசி வரிசை நாற்காலி. லயத்தில் கல்யாணம் நடந்தால், ஆமிக்காரர் என்று பந்தியில் அவர் பக்கத்து இடம் கடைசியில்தான் நிரம்பும். பிளாஸ்டிக் காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, அவர் வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வெடிப்பின் இரண்டு கரையிலும் அவர் குச்சிகள் நட்டிருந்தார். நான் அளவு நாடாவோடு போனபோது மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

“விடியக்காலையில உள்ளுக்குச் சத்தம் கேக்குது பாப்பா. வேரு அறுபடுற மாதிரி.”

அதை அவர் லயத்திலும் சொல்லியிருக்கிறார். “கால எடுத்துட்டு காத வளத்து அனுப்பிட்டானுங்க” என்று சிரித்தார்கள். அதிகாரிகள் வந்து பார்த்து, மழை கூடினால் பாடசாலைக்குப் போய்விடுங்கள் என்று சொல்லிப் போயிருந்தார்கள். பத்து வீடு. மழை எவ்வளவு கூடினால் என்று யாரும் கேட்கவில்லை. இப்போதே போய்விடலாம் என்று, தாளைக் காட்டி அம்மாவிடம் நான் சொன்னதற்கு, “ஒன்னோட தாள்ல அடுப்பும் கோழியும் எங்கடி இருக்கு?” என்றாள்.

அந்த வாரத்தில்தான் வாலிபர் சங்கம் மாமாவுக்குப் பாராட்டு விழா வைத்தது. சங்கத்தின் செயலாளர் என் அண்ணன். அவனுக்கு உள்ளபடியே ஒரு உறுத்தல் இருந்தது; சின்ன வயதில் மாமாவின் நடையை நடித்துக்காட்டிக் கைதட்டு வாங்கியவன் அவன். மேடை, லயத்துக்கு முன்னால் உள்ள சின்ன மைதானத்தில். அதாவது, மலைக்கு நேர் கீழே.

நிகழ்ச்சி நிரல் எழுதும் வேலை எனக்கு வந்தது. மாமா வேண்டாம் என்பார் என்று நினைத்தோம். சம்மதித்தார், ஒரே ஒரு நிபந்தனை.

“ரெண்டு நிமிசம் மௌனம் வேணும். ஜெனரேட்டரையும் நிப்பாட்டணும்.”

“அது மொதல்லயே வந்துரும் மாமா” என்றான் அண்ணன்.

“மொதல்ல வேணாம் தம்பி. பொன்னாட போத்தின பொறகு வைங்க. அப்பத்தான் எல்லாரும் வந்து ஒக்காந்திருப்பாங்க.”

“யாருக்கு மௌனம்? ஆமிக்காரங்களுக்கு மட்டுமா?” அண்ணன் கொஞ்சம் தயங்கித்தான் கேட்டான்.

“செத்தவங்க எல்லாருக்கும்.”

ஆறாவதாக எழுதினேன்.

விழா நாளில் மழை விட்டிருந்தது. “பாத்தியா, வெயிலே அடிக்குது” என்று அண்ணன் என்னைச் சீண்டினான். கரண்ட் இல்லாததால் வாடகை ஜெனரேட்டர் இரைந்தது. ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு. விளக்கேற்றினார்கள். வரவேற்புரை நீண்டது. தலைவர் உரை அதைவிட நீண்டது. சிவப்புப் பொன்னாடையைப் போர்த்தியபோது கைதட்டு நிற்கவே இல்லை. மாமா ஒருமுறை கும்பிட்டுவிட்டு, ஜெனரேட்டர் பக்கம் பார்த்தார். நிறுத்தினார்கள். எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

முதலில் பீலியின் சத்தம்தான் கேட்டது. பிறகு ஒரு குழந்தையின் இருமல். அதற்குப் பிறகு, எங்களுக்குப் பின்னால், மேலே, பச்சை விறகை முழங்காலில் வைத்து முறிப்பது போல ஒன்று. சின்னச் சத்தம்தான். இடைவெளி விட்டு இன்னொன்று. அடுத்து மண்ணுக்குள் ஏதோ நகர்ந்து அமர்ந்தது. காதில் கேட்பதற்கு முன் அது என் பாதங்களில் தெரிந்தது. அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். யாரும் தலையைத் திருப்பவில்லை. மௌன அஞ்சலியில் அசையக் கூடாது என்ற மரியாதையா, பயமா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இரண்டு நிமிடமும் முடியும்வரை நின்றார். பிறகு மைக்கைத் தள்ளிவிட்டுச் சொன்னார்:

“கேட்டுச்சா?”

அப்போதுதான் எல்லாரும் மலைப்பக்கம் திரும்பினார்கள்.

“பொன்னாடைக்கு நன்றி. இப்ப எல்லாரும் பாடசாலைக்குப் போங்க. சாமான் வேணாம். ஓடாம போங்க.”

நன்றியுரையும் தேநீரும் நடக்கவில்லை. வீட்டு வரிசைப்படி பெயர்களை அந்த நிரல் தாளின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொண்டேன். மாமா ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்த்து, “காலி” என்றார்; நான் ஒவ்வொரு பெயராக வெட்டினேன். மூட்டையோடு நின்ற கிழவரை அண்ணன் தோளில் தூக்கிக்கொண்டான். எதிர்ப்பக்க மேட்டில் இருக்கும் பாடசாலைக்கு எல்லாரும் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் யாரும் மாமாவைக் கேலி செய்யவில்லை.

மலை இறங்கவில்லை. அடுத்த நாளும் இறங்கவில்லை. அதற்கு அடுத்த மூன்று நாளும் வெயில். பாடசாலையில் பத்து வீட்டுக்கு இரண்டு கழிப்பறை. ஐந்தாம் நாள் ஒருத்தி என் காதில் விழும்படியே சொன்னாள்: “சத்தத்தக் கேட்டு ஊர விட்டவங்க நாமதான்.”

ஆறாம் நாள் காலையிலும் நான் அளவு நாடாவோடு வெடிப்புக்குப் போனேன். குச்சிகள் அதிகமாகியிருந்தன, லயத்துக்கு நேர் மேலே வரை ஒரு வரிசை போயிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புத் துணி. ஓரத்தில் சரிகை மின்னியதால்தான் அது என்னவென்று புரிந்தது.

“வேற துணி கெடைக்கலியா மாமா?”

“இது தூரத்துக்குத் தெரியுது பாப்பா. நாடாவப் புடிங்க.”

பிடித்தேன். இரண்டு முறை அளந்தேன்.

“நேத்தைக்கு இருந்தத விட ரெண்டு விரல் கூட” என்றேன்.

அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். காலி செய்த லயத்தின் இரண்டு கூரைகளில் அடுப்புப் புகை. நாங்கள் பார்க்கும்போதே மூன்றாவது கூரையிலும் எழுந்தது. அது எங்கள் வீடு.

“ஓடாதீங்க” என்றார். “அழுத்தி மிதிக்காம எறங்குங்க. நான் பின்னாடியே வாரேன்.”

கதவு இப்போது தோளுக்கும் அசையவில்லை. பின்பக்கமாகப் போனேன். அம்மா அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். “ஒல கொதிக்குதுடி, ஒரு வாய் சோறு ஆக்கிட்டு வந்துர்றேன்” என்றாள். நான் பானையை இறக்கினேன். அரிசியோடும் சுடு தண்ணீரோடும் அதை ஆளுக்கொரு பக்கம் துணியால் பிடித்துக்கொண்டு வெளியே வந்தோம்.

பீலியில் தண்ணீர் வருவது அடியோடு நின்றிருந்தது; மலைக்குள் எங்கோ அடைபட்டிருக்க வேண்டும். அந்த அமைதியில், லயத்தின் மறுகோடியில் மாமா கதவு கதவாகத் தட்டிக்கொண்டு வருவது தெளிவாகக் கேட்டது.