டெய்சியைத் தனியே தூக்கிய ஆறு மாதம்

செல்லப் பிராணிக் கடை வேலை என்றால் நாய்க்குட்டியைத் தடவிக்கொண்டு நிற்கலாம் என்று நினைப்பவர்கள், அந்தக் கடைகளின் பின்பக்கத்தைப் பார்க்காதவர்கள். ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டு, அதை வெளியில் சொல்ல வெட்கப்பட்டுத் திரிந்தவர்களே, நீங்கள் பாத்திரம் கழுவினீர்கள், ஓட்டலில் கட்டில் விரித்தீர்கள். நான் பாம்பு தூக்கினேன். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு எண்பத்தாறில் அதுதான் அகப்பட்டது. விட்டுவிட்டுப் போகவும் முடியாது. கணவருக்கு நாட்கூலி வேலைதான்; கொழும்பில் என் தங்கை வீட்டில் நின்ற மகளைக் கூப்பிட, எனக்கு நிரந்தர வேலை உண்டு என்று முதலாளியின் கடிதம் வேண்டும். ஆறு மாதத்துக்குள் டெய்சியைத் தனியே தூக்கித் தொட்டியைக் கழுவப் பழகினால்தான் கடிதம் என்றார் வெள்ளைக்கார முதலாளி ஸ்ரீவ். டெய்சி என்பது மலைப்பாம்பு.

அளவு நாடா

கடையில் ஒரு விதி. ஆறடிக்கு மேற்பட்ட பாம்பைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்; அதற்குக் குறைந்தால் ஒருவர் போதும். டெய்சி ஐந்தடி எட்டு அங்குலம். இன்னும் கொஞ்சம் வளர்ந்துவிட்டால் யாரும் என்னைத் தனியே தூக்கச் சொல்ல முடியாதல்லவா? அந்த ஆசையில் திங்கள்தோறும் கண்ணாடிக்கு வெளியே தையல் நாடாவைப் பிடித்து அளந்தேன். அது நேராகப் படுத்தால்தானே! வளைவுக்கு வளைவு ஒட்டி ஒட்டிக் கூட்டியதில் ஒரு கிழமை ஏழடி வந்தது, மறு கிழமை நாலரை. பின்னால் ஸ்ரீவ் நின்றதை நான் கவனிக்கவில்லை. "என்ன லீலா, அதுக்குச் சட்டை தைக்கப் போறாயா?"

கோழி

தூக்கும் முறையை டொறீன் பழக்கினாள். ஜமேய்க்காக்காரி, அந்தக் கடையில் பழம் தின்று கொட்டை போட்டவள். மூடியைத் திறந்ததும் கை விடக்கூடாது. கொக்கிக் கம்பியால் உடம்பில் மெல்லத் தட்டவேண்டும். வருவது சாப்பாடு இல்லை, ஆள் என்று பாம்புக்கு அப்போதுதான் விளங்கும். தலைக்கு மேலால் போகாமல் பக்கத்தால் போய், ஒரு கையை நடுவுடம்புக்கும் மற்றக் கையை வாலுக்குக் கிட்டவும் கொடுத்துத் தாங்கவேண்டும். இரை தின்ற பிறகு இரண்டு நாளைக்குத் தொடவே கூடாது. கழுத்தில் மாலை போலப் போடுவதெல்லாம் படத்தோடு சரி.

எல்லாம் சொன்னபடி செய்தேன். ஆனால் அன்று விடியற்காலை கோழி வெட்டிக் கறி வைத்துவிட்டு வந்திருந்தேன். மூன்று தரம் சவர்க்காரம் போட்டும் நகக்கண்ணில் வாசம் நின்றிருக்கவேண்டும். தட்டியதையும் மதியாமல் டெய்சி பாய்ந்து என் பெருவிரலைக் கவ்வியது. "இழுக்காதே, பல் உடைந்து கைக்குள் நிற்கும்!" என்று டொறீன் கத்தினாள். தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு அசையாமல் நின்றேன். அவள் அதன் வாயில் குளிர்ந்த தண்ணீரை ஊற்ற, விட்டது. பிறகு என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். "அதைப் பிழை சொல்லாதே. எனக்கே கடிக்கவேணும் போலத்தான் இருக்கு."

வெள்ளிக்கிழமை

அதன் பிறகு தொட்டி கழுவுவதை வெள்ளிக்கு மாற்றினேன். அன்று எங்கள் வீட்டில் மச்சம் மாமிசம் இல்லை. வியாழன் பின்னேரமே சட்டி பானையெல்லாம் கழுவி வாடையைப் போக்கிவிடுவேன். தலை முழுகி, திருநீறு பூசிக்கொண்டு வேலைக்கு வருவேன். இதைப் பார்த்த ஸ்ரீவ், எங்கள் சமயத்தில் வெள்ளி பாம்புக்குரிய நாள் என்று தானே முடிவு கட்டி, வாடிக்கையாளர்களிடம் சொல்லத் தொடங்கினார். கோழி வாசத்தை விளக்க என் ஆங்கிலம் போதவில்லை.

வெள்ளிதோறும் நாலைந்து பேர் வந்து கைகட்டி நின்று பார்ப்பார்கள். நான் கொக்கியால் தட்டுவதையும் பூசையில் சேர்த்துவிட்டார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். தங்கமீன் வாங்க வந்த கோயம்புத்தூர் எஞ்சினியர் ஒருவர் மட்டும் என் காதோடு கேட்டார்: "ஏங்கம்மா, இது நாகம்கூட இல்லீங்களே. மலைப்பாம்புக்கு எதுக்குங்க வெள்ளிக்கிழமை?"

பத்து நிமிடம்

ஆறாம் மாதம் டொறீன் வேலையை விட்டுப் போனாள். ஒரு வெள்ளி காலை, கடை திறக்கமுன் நான் தனி. தனியே தூக்குகிறவர் முதலில் யாருக்காவது ரெலிபோனில் சொல்லிவைக்கவேண்டும். பத்து நிமிடத்தில் திரும்ப ரெலிபோன் எடுக்காவிட்டால் அந்த ஆள் உதவிக்கு வரவேண்டும். கடைக்குக் கிட்ட, சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிக் குடியிருப்பில் எங்கள் மாடியில் இருந்த புஷ்பம் அக்காவுக்குச் சொன்னேன். கடைக் கதவைப் பூட்டி, கொக்கியால் தட்டி, தூக்கினேன்.

வாலுக்குக் கிட்டக் கொடுத்த கை வழுக்கியது. விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் டெய்சி இடது கையைச் சுற்றி இறுக்கியது. தலைப்பக்கம் இழுத்தால் இன்னும் இறுக்கும். வாலில் தொடங்கித்தான் கழற்றவேண்டும். அப்படியே நிலத்தில் குந்தினேன். விரல்கள் நீலமாகின. எனக்கு ஒன்று நடந்தால் மகளுக்கு யார் கடிதம் வாங்குவது என்பதுதான் யோசனை. வாலைத் தேடிப் பிடித்து ஒரு சுற்று, பிறகு இன்னொரு சுற்று. ஒருவாறாகக் கழன்று, தொட்டி கழுவும்வரை அதை வைக்கும் பெட்டிக்குள் போனது. பத்து நிமிடம் எப்போதோ தாண்டியிருந்தது. மூடியைப் பூட்டவும் கடைக் கதவு திறந்தது. கடை திறக்க வந்த ஸ்ரீவ் கையில் திறப்போடு நின்றார்; அவருக்குப் பின்னால், பனிக்குள் வீட்டுச் செருப்போடு ஓடிவந்த புஷ்பம் அக்கா. "உயிரோட இருக்கிறியோடி? கெதியாச் சொல்லு, அடுப்பில பருப்பை வைச்சிட்டு வந்தனான்!"

கடிதம்

என் கையில் சிவந்திருந்த வரிகளை ஸ்ரீவ் கனநேரம் பார்த்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். பயம் இன்னும் போகவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். அவர் உள்ளே போய்த் தட்டச்சு செய்து ஒரு கடதாசியைத் தந்தார். நிரந்தர வேலை என்று அதில் இருந்தது. அடியில் பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தார். குடிவரவு அலுவலகத்துப் பெண் அந்த வரியை உரத்து வாசித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இவர் ஒவ்வொரு முறையும் பயப்படுகிறார், அதனால்தான் பாம்போடு தனியே விடுகிறேன்."

மகள் வந்து இரண்டு மாதமாகிறது. தகப்பன் வேலைக்குப் போனபின் பதினாறு வயதுக்காரியைத் தனியே கையாளும் முறையை எனக்குப் பழக்கித்தர ஆளைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.