தாம்பூலப் பைக்குப் பதில் ஒரு ஃப்ரிட்ஜ்

அரசு ஆஸ்பத்திரிக்கு நன்கொடையாக வரும் பொருளை அங்குள்ள டாக்டரே பெற்றுக்கொள்ளலாம். இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டு, பிறகு மேலிடத்துக்கு ஒரு தகவல் அனுப்பினால் போதும். எடுத்த பிறகு எழுதலாம் என்பதுதான் விதி. எழுதிய பிறகே எடுக்க வேண்டும் என்பது பயம். முப்பத்துச் சொச்சம் வருஷ உத்தியோகத்தில் விதியால் கெட்ட காரியம் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. பயத்தால் கெட்டவை ஏராளம். அதில் ஒன்றுதான் எங்கள் கண்காணிப்பாளர் அம்மா தன் மகள் கல்யாணத்தில் கொடுத்த ஃப்ரிட்ஜ்.

பெரம்பலூர் ஆபீஸில் நான் அவருக்குக் கீழே உதவியாளர். அவர் உத்தியோகத்துக்கு வந்ததே, சர்க்கார் ஊழியரான கணவர் இறந்ததால், கருணை அடிப்படையில். குரும்பலூர்ப் பக்கம் வயலில் அவர் கணவரைப் பாம்பு கடித்தபோது மகள் கைக்குழந்தை. பக்கத்து ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. வாங்கினாலும் குளிரில் வைக்க வசதி இல்லை என்றார்களாம். திருச்சிக்குப் போகும் பஸ்ஸிலேயே உயிர் போய்விட்டது. இதை அவர் என்னிடம் சொன்னது ஒரே ஒரு முறை, விடுப்பு விண்ணப்பம் வாசிக்கிற குரலில்.

மகளுக்கு வரன் அமைந்தது கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கிழக்கே ஒரு முந்திரிக் குடும்பத்தில். அரியலூரைத் தனி மாவட்டமாக்கியிருந்த சமயம் அது. வீடு பார்க்கப் போனவர் அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் பார்த்துவிட்டு வந்தார். அங்கே இருந்த ஒரே குளிர்பெட்டி தடுப்பூசிக்கு மட்டும் என்று சட்டமாம். பாம்புக்கடி மருந்துக்கு இடமில்லை. முந்திரிக் கொட்டை பொறுக்குகிறவர்கள் மரத்தடிச் சருகுக்குள் வெறுங்கையை விடுகிற ஊர்.

கல்யாணத்துக்கு முன் தாம்பூலப் பையை யார் கொடுப்பது என்ற பேச்சு எழுந்தது. பெண்ணைப் பெற்றவள் புருஷன் இல்லாதவள். அவள் கையால் வெற்றிலை பாக்கு தேங்காய் வாங்கினால் ஆகாது. ஓர்ப்படியாளை வாசலில் நிறுத்தலாம் என்று உறவினர்கள் முடிவு செய்திருந்தார்கள். மறுநாள் ஆபீஸில் கோப்பைக் கட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "என் கையால குடுக்கக் கூடாதுன்னா, யார் கையாலயும் வேணாம் சார். அந்தக் காசுக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கிக் குடுத்துடறேன்."

ஆவணியில் கல்யாணம். மண்டப வாசலில், வழக்கமாகப் பை கொடுக்கும் இடத்தில் ஒரு பலகை. தாம்பூலத்துக்குப் பதிலாக, பாம்புக்கடி மருந்து வைக்கக் குளிர்பெட்டி வழங்கப்படுகிறது என்று எழுதியிருந்தது. இப்போது கல்யாணங்களில் அனாதை இல்லத்துக்குக் கொடுத்துவிட்டோம் என்று அட்டை நீட்டினால் கை தட்டுகிறார்கள். அன்று அந்தப் பலகை முன்னால் ஜனங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "ஏம்ப்பா, தேங்கா பையி எங்க?" என்று கேட்க, பக்கத்தில் இருந்தவர், "ஆஸ்பத்திரில போயி வாங்கிக்கணும் மாமா. கடிபட்டாத்தான் குடுப்பாங்களாம்" என்றார். சிரிப்பு எழுந்து பாதியில் நின்றது.

சம்பந்தி அம்மாள் சிரிக்கவில்லை. விளக்கு வைத்த பிறகு பாம்பு என்ற பெயரை உச்சரிக்காத குடும்பம் அது. 'பூச்சி' என்றுதான் சொல்வார்கள். அவர் பலகையைத் திருப்பிச் சுவர்ப் பக்கம் வைத்துவிட்டு வந்தார். "தாலி கட்டுற எடத்துல பேர எழுதி வச்சிருக்கீங்களே சம்பந்தி. அழைச்சா வராமலா இருக்கும்?" என்று மெதுவாகக் கேட்டார். மணமேடையில் இருந்த மகள் மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃப்ரிட்ஜை அந்த ஊர் சுகாதார நிலையத்தில் கொண்டுபோய் இறக்கியபோது நானும் கூடப் போனேன். டாக்டர் சின்ன வயசு, நல்லவர். விதியை எடுத்துச் சொன்னேன். "போன வருஷம் யாரோ குடுத்த ஃபேனுக்கே ஆடிட்ல கேட்டுட்டாங்க சார். எழுதியிருக்கேன், ஆர்டர் வரட்டும், பிரிச்சுக்கலாம்" என்றார். அட்டைப்பெட்டி பிரிக்கப்படாமல் வராந்தாவில் நின்றது. அதன் மேல் போலியோ சுவரொட்டி ஒட்டினார்கள். மகள் தண்ணீருக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துவிட்டு, போனில் அம்மாவிடம் சொல்வாள். அம்மா மேலிடத்துக்கு நினைவூட்டுக் கடிதம் எழுதுவார். அந்த வீட்டில் கறவை மாடு செத்தபோதும், கொழுந்தன் வண்டியிலிருந்து விழுந்தபோதும் மாமியார் சண்டை போடவில்லை. மருமகள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாராம். திட்டினால்கூடத் தேவலை என்று மகள் அழுதாள். பங்குனி வாக்கில் இரண்டு மாவட்டத்தையும் மறுபடி ஒன்றாக்கினார்கள். ஃப்ரிட்ஜுக்கு அனுமதி கேட்டு அரியலூருக்குப் போன கோப்பு பெரம்பலூருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. முந்திரி பழுத்துக்கொண்டிருந்தது.

சித்திரைக் கடைசியில், கொட்டை பொறுக்கச் சருகுக்குள் கைவிட்ட மாமியாரைப் பாம்பு கடித்தது. பக்கத்து மரத்தடியில் இருந்த மருமகள்தான் தாங்கிப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். மருந்தில்லை, ஜெயங்கொண்டம் போங்கள் என்றார்கள். வேன் வரும் வரை அந்த அம்மாளை வராந்தாவில், அட்டைப்பெட்டியில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். அப்போதும் அவர் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. "ஒங்கம்மா கூப்பிட்டாங்க. வந்துடுச்சு" என்று மட்டும் மருமகளிடம் சொன்னார். வேன் ஜெயங்கொண்டத்தைத் தொடுவதற்குள் முடிந்துவிட்டது.

ஊரில் ஒருவர்கூட அந்தப் பெட்டி ஏன் பிரிக்கப்படவில்லை என்று கேட்கவில்லை. தேங்காய் கொடுக்காத கல்யாணம் என்றுதான் பேசிக்கொண்டார்கள். கண்காணிப்பாளர் அம்மா துக்கத்துக்குப் போனபோது தெருமுனையிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். காரியத்துக்கும் வரக் கூடாது, காரியம் முடிந்த கையோடு பெண்ணும் தாய் வீட்டுக்கே வந்துவிடுவாள் என்று மாப்பிள்ளையின் அண்ணன் சொல்லி அனுப்பினார். மாப்பிள்ளையும் அதைத் தடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அதனால்தான் பதினாறாம் நாள் காரியத்தன்று கண்காணிப்பாளர் அம்மா ஆபீஸில் இருந்தார். தபால் கட்டைப் பிரித்தது நான். ஃப்ரிட்ஜுக்கான ஆர்டர் வந்திருந்தது. பொருளை ஏற்றுக்கொள்ள அனுமதி அளிக்கப்படுகிறது. ஆனால் அது இதுநாள் வரை பயன்படுத்தப்படாத புதிய பொருள் என்று நன்கொடையாளர் சான்று அளிக்க வேண்டும். அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் அந்தச் சான்றை எழுதிக் கையெழுத்துப் போட்டு, கீழே தேதியிட்டார். வைகாசி மாதத்து வியாழக்கிழமை அது. மகள் பெட்டியோடு பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியதும் அன்றைக்குத்தான்.