தொப்புள்கொடி இரத்தத்துடன் கடுகண்ணாவை வரை

மகன் பிறந்த அன்று எனக்குச் சந்தோஷப்பட நேரம் இருக்கவில்லை. கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவன் அழும் சத்தம் கேட்ட கொஞ்ச நேரத்துக்குள், அவனுடைய தொப்புள்கொடியிலிருந்து எடுத்த இரத்தம் ஒரு பையில் அடைக்கப்பட்டு, தடித்த வெள்ளைப் பெட்டிக்குள் வைக்கப்பட்டு, என் கைக்கு வந்துவிட்டது.

அந்த இரத்தம் அவனுடைய அக்காவுக்கு. எங்கள் மூத்த மகளுக்குத் தலசீமியா. அவளுடைய உடம்பு நல்ல இரத்தத்தை உண்டாக்காது. மாதம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இரத்தம் ஏற்றுவோம். ஏற்றிய மறுநாள் வீடு முழுக்க ஓடுவாள். மாதக் கடைசியில் கதிரையை விட்டு எழும்பமாட்டாள். அடுத்த பிள்ளையின் தொப்புள்கொடி இரத்தம் பொருந்தினால் நோயையே மாற்றலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதைச் சென்னையில் உறையவைத்துப் பாதுகாப்பார்கள். கொழும்பிலிருந்து ஆள் வந்து பெட்டியை வாங்கி விமானத்தில் அனுப்புவதாக ஏற்பாடு.

அன்று காலை கொழும்பில் குண்டு வெடித்தது. யுத்தத்தின் கடைசி வருடங்கள் அவை. வரவேண்டியவர் போனில், "ரோட்டெல்லாம் செக்கிங். இன்னைக்கு வர ஏலாது" என்றார். தாமதிக்கத் தாமதிக்க இரத்தத்தில் உள்ள உயிரணுக்கள் செத்துக்கொண்டு போகும் என்று டொக்டர் ஏற்கெனவே எச்சரித்திருந்தார்.

"நானே எயார்போட்டுக்குக் கொண்டு போறன்" என்றேன்.

மனைவி படுத்தபடியே என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவள் வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். தமிழருக்கு எதிரான கலவரத்தில், அவர்கள் குடியிருந்த லயத்துக்கு நெருப்பு வைத்தபோது தேயிலைக்குள் ஒளிந்திருந்த பிள்ளை. நான் யாழ்ப்பாணத்தான். என் அடையாள அட்டையும் அதைத்தான் சொன்னது.

"வேணாங்க. குண்டு வெடிச்ச அன்னைக்கு நீங்க ரோட்டுல போகக்கூடாது. ரத்தம் போனாப் போகுது."

"இது இன்னொருக்காக் கிடைக்காது. நீர் பயப்படாதையும்."

"பயப்படாம எப்படிங்க இருக்கிறது?"

அவள் பிடியை விடவில்லை. விரல்களை நான்தான் விலக்கினேன்.

எங்கள் ஒழுங்கையில் இருந்த சிங்களவர் ஒருவர் வான் ஓட்டினார். மகளை மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவரும் அவர்தான். நான் பெட்டியை மடியில் வைத்திருந்தேன். 'மனித இரத்தம். திறக்க வேண்டாம். எக்ஸ்ரே எடுக்க வேண்டாம்' என்று மூடியில் ஆங்கிலத்தில் ஒட்டியிருந்தது. பேராதனை தாண்டியபோது அதை மறுபடி வாசித்தேன். குண்டு கொண்டுபோகிறவனும் இதைத்தானே ஒட்டுவான் என்று தோன்றியது.

கடுகண்ணாவையில் இறக்கம் தொடங்குமுன் ஆமி மறித்தது. ஒரு சிப்பாய் என் அடையாள அட்டையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். இறங்கச் சொன்னான். வேலையிடத்தில் நாள் முழுக்கச் சிங்களம் பேசுகிறவன் நான். அந்த நேரம் ஒரு வாக்கியமும் வாயில் வரவில்லை. "லே, லே" என்றேன். இரத்தம், இரத்தம். அவன் பின்னால் ஓர் எட்டு வைத்துத் துவக்கை உயர்த்தினான்.

"யாருடைய இரத்தம்?" என்று கேட்டான்.

பெட்டியை நிலத்தில் வைத்துவிட்டுக் கைகளைத் தலையில் வைத்து முழங்காலில் இருந்தேன். இன்னொருவன் கத்தியோடு பெட்டிக்குக் கிட்டப் போனான். பையில் நுனி பட்டாலும் எல்லாம் முடிந்துவிடும். கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் சுடுவான் என்றும் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

வான்காரர் இறங்கி வந்து பெட்டிக்கு முன்னால் நின்றார். "தம்பி, அது இன்றைக்குப் பிறந்த பிள்ளையின் இரத்தம். வெட்டுவதற்கு முன் டொக்டரிடம் கேளுங்கள்" என்று சிங்களத்தில் சொன்னார். அதிகாரி ஒருவர் வந்து ஆஸ்பத்திரிக்கு போன் எடுத்து நெடுநேரம் பேசினார். பிறகு மூடியைத் தானே மெல்லத் திறந்து பார்த்து மூடினார்.

"பெட்டி போகலாம். இவன் இருக்கட்டும்."

வான்காரர் என்னைப் பார்த்தார். போகச் சொல்லித் தலையசைத்தேன். பெட்டியோடு வான் இறக்கத்தில் மறைந்தது.

மண்மூட்டைக் காவலரணுக்குள் என்னை இருத்தி, என் தம்பிமார் எங்கே, கடைசியாக யாழ்ப்பாணம் போனது எப்போது என்று மாறி மாறிக் கேட்டார்கள். மேசையில் இருந்த என் போன் அடித்தது. மனைவி. ஒருவன் அதை நிறுத்திவைத்தான். அவள் என்ன நினைப்பாள் என்பது எனக்குத் தெரியும். அதுவே துவக்கை விடப் பயமாக இருந்தது. வெளியே ரயில் கூவிக்கொண்டு போனது. இப்படிக் கூட்டிப்போகப்பட்டுத் திரும்பாதவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

வெயில் சாயும் நேரம் வான்காரர் திரும்பி வந்தார். விமான நிலையத்தில் பெட்டியைச் சென்னைக்கு அனுப்பக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி, என்னை விடும்வரை போகமாட்டேன் என்று அங்கேயே நின்றார். விட்டார்கள். ஆஸ்பத்திரி அறைக்குள் நான் நுழைந்தபோது மனைவி எழும்பி உட்கார்ந்தாள். பிள்ளையை என் கையில் தந்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள்.

இரத்தம் பொருந்தியது, ஆனால் அளவு போதாது என்றார்கள். மகன் கொஞ்சம் வளரும்வரை காத்திருந்து, அவனுடைய எலும்பு மச்சையையும் எடுத்து, இரண்டையும் சேர்த்துத் தமிழ்நாட்டில் மகளுக்கு ஏற்றினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏற்றுமுன் கொடுத்த மருந்தில் தலைமயிரெல்லாம் கொட்டிக் கிடந்த பிள்ளையைப் பார்த்தபடி, நாங்களே அவளைக் கொல்லக் கொண்டுவந்துவிட்டோமோ என்று வாரக்கணக்காகப் பயந்தோம்.

அவள் பிழைத்தாள். இரத்தம் ஏற்றுவது நின்றது. அவளுடைய இரத்த வகைகூட மாறித் தம்பியின் வகையாகிவிட்டது. இப்போது அவள் வேலைக்குப் போகிறாள். தடிமன், காய்ச்சல் என்று அவள் சொன்னால் மட்டும், நானும் மனைவியும் பயத்தை மறைக்க ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கப் பழகியிருக்கிறோம்.